நோனா மௌத்தாகவில்லை

ஹாஜறாவின் வீட்டில் ஒரு கலியாணம் ஒரு மௌத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சாக வேண்டியது மனிதர் அல்ல, குதிரை. பல்லுக் கொட்டி, முகம் நரைத்து, முப்பது வயதை எட்டிவிட்ட பெண் குதிரை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் நோனாவைத் தெரியும். பெருநாளும் கொடியேற்றமும் வந்தால் பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு கடலோரமாக நடந்தவள். இன்றைக்குப் பிள்ளை குட்டியோடு நிற்கிற பல பேர் அந்த முதுகில் இருந்து வீரிட்டு அழுதவர்கள்தான்.

சாகாமல் நின்றாள் என்பதோடு விட்டாலும் பரவாயில்லை. வெக்கையான கச்சான் காற்று தொடங்கினால் ஊரில் மனிதரும் மாடும் நிழல் தேடி ஒதுங்குவார்கள். நோனாவுக்கு மட்டும் அந்தக் காற்று எங்கிருந்தோ ஒரு குறும்பைக் கொண்டுவந்து கொடுக்கும். கயிறு கொஞ்சம் தளர்ந்தால் போதும், பாய்ந்து அலைக்குள் இறங்கி, பின்னங்காலால் தண்ணீரை உதைத்து, காயப்போட்ட நெத்தலியையெல்லாம் மிதித்துக் கலைத்துவிட்டு, ஒன்றும் நடவாதது போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு வருவாள். கரைவலை இழுக்கிறவர்கள் கூவுவார்கள்.

"ஜவுபர் காக்கா, இவள் உங்களயும் எங்களயும் மண்ணுக்குள்ள அடக்கிப்போட்டுத்தான் போவாள்."

ஹாஜறாவின் புருசன் ஜவுபர் சிரிப்பான். வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்பான்.

இந்த வினையை அவன்தான் தேடிக்கொண்டான். மகள் பஸ்மினாவுக்குச் சாய்ந்தமருதிலிருந்து றிபாத்தை மாப்பிள்ளை பேசி வந்த நாளில் நடந்தது அது. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். வீடு மகளுக்கு. கட்டிக் கொடுத்த தாயும் தகப்பனும் குசினிப் பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். றிபாத்தின் தாய் ஹவ்வா உம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அறுபத்தைந்தைத் தாண்டியும் சந்தைக்குத் தனியாக நடந்து போய், நடந்து வருகிற மனுசி. குதிரைக் கொட்டிலைக் கண்டதும் மூக்கைப் பொத்தினாள்.

"வீடு நல்லம், புள்ளயும் தங்கமான புள்ள. ஆனா இந்தக் குதிர நிக்கிற வளவுக்குள்ள என்ட மகன் இரிக்கேலா. அவனுக்குச் சின்னனில இரிந்து இழுப்பு. இதுட மசிரு பட்டா மூச்சு முட்டிப் போகும்."

ஜவுபர் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். "அதுக்கு வயசு போயிட்டு மச்சி. இந்த மாரி தாங்காது. அது மௌத்தான பொறகு கலியாணத்த வெப்பம்."

இழுபறி வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹவ்வா உம்மா உடனே தலையாட்டினாள். "அதுவும் சரிதான். வாயில்லாச் சீவன், உசிரோட வெரட்ட வேணாம். அது மௌத்தாகட்டும். பொறகு கலியாணம்."

சாட்சிக்கு இருந்த பள்ளிவாசல் நிர்வாகி, மரைக்கார் மீராசாஹிபு, இவ்வளவு இரக்கமுள்ள மனுசியை இந்தக் காலத்தில் காண முடியாது என்று நாலு பேருக்குச் சொன்னார்.

அந்த மாரி போனது. அடுத்த மாரியும் வந்து, வெள்ளம் வடிந்து போனது. நோனா இருந்தாள். பஸ்மினாவுக்கு இருபத்தேழு வயது நடந்தது.

ஒரு புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு மீராசாஹிபு வந்தார். குசினிக்குள் ஹாஜறா மா வறுத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள் அவள். ஜவுபர் அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அப்படியே வாடகை ஓட்டத்துக்குப் போவான். மா அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே ஹாஜறா காதைத் தீட்டினாள்.

"ஜவுபர், நான் இந்த முற ஹஜ்ஜுக்குப் போறன்," என்றார் மீராசாஹிபு. "போறத்துக்கு முன்னம் ஊருல உள்ள வாக்கு வார்த்தயெல்லாம் தீர்த்துட்டுப் போகணும். என்ட தலையில கிடக்கிற பாரத்தில உண்ட குதிரதான் பெரிசு."

"நான் என்ன செய்யிற காக்கா. அது மௌத்தாகுதில்லயே."

"அதத்தான் கதைக்க வந்தன். றிபாத்துட காக்காமாரு மூணு பேரும் வந்து சொல்லிட்டுப் போறாங்க. அக்கரைப்பத்தில இரிந்து ஒரு எடம் வந்திரிக்காம். குதிரட ஆயுசு முடியிற வரைக்கும் எங்கட தம்பி தல நரைச்சி நிக்கணுமா எண்டு கேக்காங்க. ஞாயந்தானே."

"றிபாத் என்ன சொல்றாராம்?"

"அவன் உம்மாட வாயப் பாத்துக்கிட்டு நிக்கான்." மீராசாஹிபு குரலைத் தாழ்த்தினார். "மாட்டு வைத்தியம் பாக்கிற ஸலாஹுதீனோட கதைச்சிட்டன். நோவு தெரியாத ஊசியாம். வெள்ளிக்கிழம அஸருக்குப் பொறகு வருவான். எல்லாரயும் வெச்சி முடிச்சிட்டு, அந்த எடத்திலயே தேதியயும் வெச்சிடுவம். இல்லாட்டி இந்தச் சம்மந்தம் போயிடும் ஜவுபர், நான் ஒளிச்சிக் கதைக்கல்ல."

ஜவுபர் தலையாட்டினான். குசினிக்குள் மா கருகிய வாடை வந்தது.

அவர் போனதும் ஹாஜறா சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"தலய ஆட்டினீங்களே."

"வேற என்ன செய்யச் சொல்ற. மக இரிக்காள்."

"சுனாமி அண்டைக்கு இவள் கயித்த அறுத்துக்கிட்டு மேற்கால ஓடினாள். இவள்ட பின்னாலதான் நாமளும் ஓடினம். நாவிதன்வெளி வயலுக்குள்ள நிண்டவளக் கண்டு நீங்க கட்டிப் புடிச்சி அழுதத என்ட கண்ணால பாத்தனான்."

"அதச் சொல்லாத ஹாஜறா." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஊசி வெள்ளிக்கிழமதான். நான் அதுக்கு முன்னமே தொடங்கிட்டன்."

"என்னத்தத் தொடங்கின?"

"நோம்புப் பெருநாளுக்குப் பொறகு அவளுக்கு ஊறவெச்ச தவிடு குடுக்கிறல்ல. காஞ்ச வைக்கலத்தான் போடுறன். பல்லில்லாதவள் அத எப்பிடித் திங்கிற? சப்பிச் சப்பி உருட்டித் துப்புறாள். தானா மெலிஞ்சி, தானாப் போகட்டும் எண்டு நினச்சன். என்ட கையால செஞ்ச மாதிரி இரிக்காது எண்டு."

ஹாஜறாவுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி முந்திக்கொண்டது.

"அப்ப அவள் ஏன் மெலியல்ல?"

இருவரும் கொட்டிலுக்குள் போனார்கள். நோனாவின் காலடியில் சப்பித் துப்பிய வைக்கோல் உருண்டைகள் கிடந்தன. ஆனால் விலா எலும்பு ஒன்றும் தெரியவில்லை. வயிறு உருண்டு, தோல் எண்ணெய் தடவினாற்போல மினுங்கியது. ஜவுபர் சாணத்தைக் குச்சியால் கிளறினான். தவிடு தெரிந்தது.

"ஆரோ குடுக்காங்க," என்றான் மெதுவாக. "நானும் கண்டனான். கேக்கப் பயந்து உட்டுட்டன்."

அவன் யாரை நினைத்துப் பயந்தான் என்பது ஹாஜறாவுக்கு விளங்கியது. பொழுது பட்டு மஃரிப் தொழுதுவிட்டு அவள் பஸ்மினாவின் அறைக்குப் போனாள். பஸ்மினா தையல் மெஷினில் யாருடையதோ பெருநாள் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள்.

"புள்ள, ஒண்டு கேக்கன், மறைக்காமச் சொல்லு. உனக்கு றிபாத்த விருப்பமில்லயா?"

மெஷின் நின்றது. "என்னும்மா இது?"

"விருப்பமில்லாட்டி வாயால சொல்லு. குதிரக்கு ஒளிச்சிச் சாப்பாடு வெச்சி அத உசிரோட வெச்சிக்கிட்டு, எங்கட உசிர வாங்காத."

"நான் வெக்கல்ல." பஸ்மினாவின் கண் நிறைந்துவிட்டது. "வாப்பா தவிட நிப்பாட்டினது எனக்குத் தெரியும். ஒரு நாள் நானும் கஞ்சி கொண்டு போனன். அவள் மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிட்டாள். வயிறு நிறைஞ்சி நிக்கிறவளுக்கு நான் என்னத்த வெக்கிற?"

"அப்ப ஆரு?"

"தெரியா. நான் கேட்டுப் பாக்கவும் இல்ல. குடுக்கிற ஆள் நிப்பாட்டிட்டா எண்டு பயம்." அவள் நூலைப் பல்லால் அறுத்தாள். "எனக்கு அவர வேணும் உம்மா. நோனாவக் கொண்டுபோட்டு வேணாம். அக்கரைப்பத்து எடத்துக்குப் போறாரெண்டா போகட்டும். வெள்ளிக்கிழம கொட்டிலுக்குள்ள நான்தான் நிப்பன், சொல்லிட்டன்."

வியாழக்கிழமை விடியற்காலை ஹாஜறா கடைசித் தட்டு இடியப்பத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்கினாள். ஜவுபர் தினமும் சுபஹுத் தொழுகைக்கு முன் நோனாவைத் தாழம்பற்றைப் பக்கம் கட்டிவிட்டு, தொழுது, இடியப்பம் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அவன் திரும்பி வரும்வரை குதிரை தனியாகத்தான் நிற்கும். யாரும் கொடுப்பதென்றால் அந்த நேரத்தில்தான் கொடுக்க வேண்டும். கவிழ்த்து வைத்த தோணி ஒன்றின் பின்னால் அவள் குந்தினாள். மணல் ஈரமாக இருந்தது. தூரத்தில் கரைவலைக்காரர்கள் கம்பாக் கயிறு இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

குதிரைக்குத்தான் முதலில் தெரிந்தது. காதை நிமிர்த்திக் கனைத்தது. தெற்கே ஈர மணலில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கறுப்பு அபாயா, கையில் மூடி போட்ட வாளி. வாளியின் பாரத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியும் வேகமாக வந்தாள். அந்த நடையை ஹாஜறா அறிவாள்.

வந்தவள் மூடியைத் திறந்து வாளியை வைத்தாள். நோனா முகத்தை உள்ளே புதைத்தது.

"பிஸ்மில்லாஹ் சொல்லித் தின்னுகா," என்றாள் ஹவ்வா உம்மா. "சக்கர கொஞ்சம் கூடப் போட்டிரிக்கன். இதுதான் கடசியோ தெரியா."

ஹாஜறா எழுந்து நின்றாள். "மச்சி."

ஹவ்வா உம்மா திடுக்கிட்டாலும் ஓடவில்லை. வாளியைக் குதிரை தட்டிவிடாமல் காலால் அணைகொடுத்துக்கொண்டே திரும்பினாள்.

"பாத்திட்டிங்களா."

"எத்தின நாளா?"

"போன மாரிக்கு முன்னமே. அப்ப எப்பயாவது ஒரு நாள். பெருநாளுக்குப் பொறகு ஒவ்வொரு நாளும். அவள் மெலியத் தொடங்கினாள். உங்கட மனிசன் தவிட நிப்பாட்டிட்டார் எண்டு விளங்கிச்சி."

"தவிடு எங்கால?"

"றிபாத் மில்லுல இரிந்து கொண்டு வருவான். கோழிக்கு எண்டு சொல்லுவன்."

"உங்கட வளவுல கோழி இல்லயே."

"அவன் கேக்கல்ல. ஆம்புளப் புள்ளைகள் அதெல்லாம் பாக்காதுகள்."

றிபாத் சம்மாந்துறையில் நெல்லுக் குத்துகிற மில்லில் இஞ்சின் பார்க்கிறவன். தவிட்டுத் தூசிக்குள் நாள் முழுக்க நிற்கிறவனுக்குக் குதிரை மயிரில் என்ன இழுப்பு என்று இரண்டு வருடமாக ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஹாஜறாவுக்கு இப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கோபம் பொங்கியது.

"எங்கட வாசலுக்கு வந்து மூக்கப் பொத்தினது நீங்க. இது மௌத்தாகட்டும், பொறகு கலியாணம் எண்டு சொன்னது நீங்க. மௌத்தாகாமப் பாத்துக்கிறதும் நீங்கதானா? என்ட மகள்ட ரெண்டு வருசம் மச்சி. கலியாண வீடுகளுக்குப் போனா, உங்கட மகளுக்கு இன்னுமா எண்டு கேப்பாங்க. நான் போறத்தயே நிப்பாட்டிட்டன். அந்தக் கேள்விக்கு நீங்க வாளி வாளியாத் தீனி போட்டிரிக்கிங்க."

ஹவ்வா உம்மா கவிழ்த்த தோணியின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல ஹாஜறா."

குதிரை அடித் தவிட்டை உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டே அவள் தொடர்ந்தாள்.

"நாலும் ஆம்புள. மூத்தவன் மருதமுனையில, மத்தவன் நிந்தவூருல, மூணாவது சம்மாந்துறையில. பொஞ்சாதி வீட்டுக்குப் போனவங்கள்ல ஒரு குறையும் இல்ல. பெருநாளைக்கு வருவாங்க. கதிர நுனில இரிந்து தேத்தண்ணி குடிப்பாங்க. போன் அடிக்கும். ஒழும்பிடுவாங்க. இவன்தான் மிச்சம். மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டா சோத்த எடுத்து வெப்பன். இனி ஆருக்கு வெக்கிற?"

"எங்கட வீட்டுக்கு வந்து இரிங்களன்."

"மருமகள்ட வீட்டுல போய்க் குந்தவா? அதுக்கு உங்கட புள்ளக்கு நீங்க இரிக்கிங்க. ஒரு குசினிக்குள்ள ரெண்டு உம்மா சரிவராது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." அவள் தலைத்துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். "எனக்குக் கொஞ்சம் காலம் வேணுமாயிரிந்திச்சி. புள்ளயக் குறை சொன்னா நாக்கு அழுகிப் போகும். வீட்டக் குறை சொல்லவும் ஏலா. கொட்டில்ல இவள் நிண்டாள். உங்கட மனிசன், இது மௌத்தான பொறகு எண்டு சொன்ன உடனே எனக்குப் போன மூச்சு திரும்பி வந்திச்சி. ஒரு மாரி கிடைக்கும் எண்டு நினச்சன். இவள் ரெண்டு மாரி தந்தாள்."

"நாளைக்கு ஊசி அடிக்கப் போறாங்களே."

"தெரியும். இவள்ட உசிரு என்ட கழுத்திலதான். வாயத் திறந்தா என்ட புள்ளைகள்ற முகத்தில முழிக்கேலாது." அவள் ஹாஜறாவின் கையைப் பிடித்தாள். கையெல்லாம் தவிட்டுப் பசை. "உங்கட மனிசனுக்கும் சொல்லாதீங்க. கேக்க எனக்கு முகமில்ல. எண்டாலும் கேக்கன்."

ஹாஜறா கையை உருவிக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் கால் வைத்தபோது, பிள்ளைகள் எல்லாம் போய்விட்ட ஒரு வீட்டில் தனியாக ஒரு கோப்பைக்குத் தேத்தண்ணி ஊற்றுவது எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்து கோபத்தைக் கெடுத்தது.

ஜவுபரிடம் சொன்னால் அவன் நேரே மீராசாஹிபுவிடம் போவான். பிறகு ஊரே சிரிக்கும். றிபாத் தாயின் பக்கம் நிற்பதா, பெண்ணின் பக்கம் நிற்பதா என்று தடுமாறி, கடைசியில் கலியாணம் கலைந்துவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கு ஊசி. அன்று முழுக்க அவள் கை வைத்த வேலை ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. கறிக்கு உப்பு இரண்டு தரம் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அஸர் முடிந்ததும் வளவுக்குள் பிளாஸ்டிக் கதிரைகள் போடப்பட்டன. மீராசாஹிபு வந்தார். றிபாத்தின் மூத்த காக்காமார் மூவரும் வந்தார்கள். றிபாத் மில்லில் இருந்து நேரே வந்து, தலைமயிரில் தவிடு படிந்தபடி மதிலோரம் நின்றான். பெண்கள் குசினி வாசல் திரைக்குப் பின்னால். ஹவ்வா உம்மா அங்கேதான் ஒரு கதிரையில் இருந்தாள். அவளும் ஹாஜறாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பஸ்மினா சொன்னபடியே கொட்டிலுக்குள் நின்றாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றாகச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"புள்ள, வெளிய வா," என்றான் ஜவுபர்.

"மாட்டன் வாப்பா."

ஸலாஹுதீன் பையை நிலத்தில் வைத்துவிட்டு நோனாவின் உதட்டை விரித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். நோனா அவருடைய தொப்பியைக் கவ்வி எடுத்து நிலத்தில் போட்டது. மதிலோரம் றிபாத் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டான்.

"மரைக்கார்," என்றார் ஸலாஹுதீன் தொப்பியைத் தட்டிக்கொண்டு. "வாயில ஒரு பல்லு உருப்படியா இல்ல. ஆனா நெஞ்சு நல்லா அடிக்கி. காலுல வீக்கம் இல்ல, கண்ணுல பூ இல்ல. நோய் புடிச்சி வருத்தப்படுற சீவனுக்குத்தான் நான் ஊசி அடிக்கிற. இது எதுக்கு?"

"எதுக்கு எண்டு உங்களுக்குச் சொல்லியிரிக்கன். ஒரு குமர்ட வாழ்க்க இதில தொங்குது."

"நீங்க பாரமெடுத்தா அடிப்பன். எனக்கு மனமில்ல."

"ஜவுபர், தலயப் புடி," என்றார் மீராசாஹிபு.

ஜவுபர் போய் நோனாவின் தலையைப் பிடித்தான். அது அவனுடைய சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு எதையோ தேடியது. பெருநாள் காலங்களில் அந்தப் பைக்குள் சர்க்கரைக் கட்டி இருக்கும். ஜவுபரின் தோள் குலுங்கத் தொடங்கியது. மகள் கயிற்றை விடவில்லை. ஸலாஹுதீன் பையின் வாயைத் திறந்தார்.

ஹாஜறா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆண்கள் கூடிய இடத்தில் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

"காக்கா, ஒண்டு கேக்கன். மச்சி என்ன கேட்டாங்க? இந்த வளவுக்குள்ள குதிர நிக்கப்படா எண்டுதானே கேட்டாங்க?"

"மௌத்தான பொறகு கலியாணம் எண்டுதான் பேச்சு," என்றார் மீராசாஹிபு.

"அது இவர் வாய் தவறிச் சொன்னது. மச்சி கேட்டது வளவ. குதிர வளவ உட்டுப் போனாக் காணும்."

"எங்க போற? இந்தக் கிழட்டுக் குதிரய ஆரு எடுப்பாங்க?"

"நாங்க ஒரு வீட்டுல இரிந்து ஒரு புள்ளய எடுக்கிறம்." ஹாஜறா றிபாத்தைப் பார்த்துச் சொன்னாள். "கடசிப் புள்ள. எடுத்துட்டு அந்த வீட்ட வெறுமையா உட்டுட்டு வாறது எங்களுக்கு அழகில்ல. நோனாவ மச்சிட வளவுக்குக் குடுப்பம்."

மூத்த காக்கா ஒருவன் சிரித்துவிட்டான். மீராசாஹிபுவுக்கும் சிரிப்பு வந்தது. "மாப்பிள்ளைக்கு இழுப்பு எண்டுதானே இவ்வளவும். அந்த வீட்டுக்கே குதிரய அனுப்பவா?"

"மாப்பிள்ள இஞ்ச வந்திடுவார். அங்க இழுக்கிறத்துக்கு ஆரு இரிக்கா?"

மூன்று அண்ணன்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே யார் இருப்பார்கள் என்ற கேள்வி அவர்களுக்கும் இதற்கு முன் வந்ததில்லை போலும். றிபாத் நிமிர்ந்து திரையைப் பார்த்தான். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று ஒரு சொல் வந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மகளின் கலியாணமும் போகும், குதிரையும் போகும். ஹாஜறா மனதுக்குள் தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினாள்.

"எனக்குக் குதிர பாக்கத் தெரியா," என்றது ஹவ்வா உம்மாவின் குரல்.

ஹாஜறா திரையின் பக்கம் ஓரடி வைத்தாள்.

"ஆராவது வந்து பழக்கித் தந்தாப் பாப்பன்."

பஸ்மினா கொட்டிலுக்குள் இருந்தே சொன்னாள். "நான் வாறன் மாமி. ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பொறகு வாறன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"பல்லில்லாதவள் மாமி. ஒவ்வொரு நாளும் ஊறவெச்சிக் குடுக்கணும்."

மீராசாஹிபு தாடியைத் தடவிக்கொண்டு, "வயசான மனிசிக்கு இது பாரம் இல்லயா?" என்றார்.

"நாலு ஆம்புளப் புள்ளய வளத்த எனக்கு ஒரு குதிர பாரமா?" என்றது திரை. இந்தத் தடவை குரலில் பழைய காரம் இருந்தது. "ஸலாஹுதீன்ட பையக் கட்டச் சொல்லுங்க. தேதியப் பாருங்க."

கலியாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரத்தில் நோனாவைக் கடலோரமாக சாய்ந்தமருதுக்குக் கூட்டிப் போனார்கள். ஜவுபர் கயிற்றைப் பிடித்திருந்தான் என்று சொல்வதைவிட, கயிறு அவனை இழுத்துக்கொண்டு போனது என்பதுதான் சரி. ஹாஜறாவும் பஸ்மினாவும் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஹவ்வா உம்மா வேலிப் படலைத் திறந்துகொண்டு நின்றாள். அவளைக் கண்டதும் நோனா தலையை உயர்த்திக் கனைத்து, கயிற்றை உருவிக்கொண்டு நேரே அவளிடம் போய்த் தோளில் மூக்கை வைத்தது.

"உங்கள முன்னமே தெரிஞ்ச மாதிரி நிக்காள் மச்சி," என்றான் ஜவுபர் ஆச்சரியத்தோடு.

"பசி," என்றாள் ஹாஜறா அவசரமாக.

"இவளுக்குத் தவிடு நல்லா ஊறணும். பிண்ணாக்கும் கொஞ்சம்..." சொல்லிக்கொண்டே வந்தவன், மாமரத்தின் கீழ் மூடி போட்ட வாளி ஒன்று தயாராக இருப்பதைக் கண்டான். மூடியைத் திறந்தான். தவிடும் சர்க்கரையும் புளித்து மணத்தது. வாளியைப் பார்த்தான், குதிரையைப் பார்த்தான், ஹவ்வா உம்மாவைப் பார்த்தான். அவள் தலைத்துண்டைச் சரிசெய்தாள். ஜவுபரின் முகம் கறுத்து, பிறகு மெல்லத் தெளிந்தது. கேள்வி கேட்க வாய் உன்னியது. காய்ந்த வைக்கோல் போட்ட தன் கை அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"சரியா ஊறியிரிக்கி," என்று மட்டும் சொன்னான்.

நோனா தின்னத் தொடங்கியது. நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவள் இன்னம் எவ்வளவு காலம் இரிப்பாள்?" என்று ஹவ்வா உம்மா கேட்டாள்.

"எனக்குச் சொல்லத் தெரியா மச்சி. நான் சொல்லித்தானே இவ்வளவும் வந்த."

அவள் தலையாட்டினாள். பிறகு பஸ்மினாவின் பக்கம் திரும்பினாள். "கலியாணத்துக்கு அடுத்த நாளும் வருவயா? புதுப் பொண்ணு விடிய வெள்ளன தெருவுல இறங்கினா ஊர் கதைக்கும்."

"குதிரக்குச் சாப்பாடு வெக்கப் போறாள் எண்டு கதைக்கும். கதைக்கட்டும் மாமி."

ஹவ்வா உம்மா கொஞ்ச நேரம் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் தேத்தண்ணி வெச்சிருப்பன். உனக்கு எத்தின கரண்டி சீனி போடுற?"

பதில் ஹாஜறாவின் வாய்வரை வந்துவிட்டது. இத்தனை வருடமும் அந்தக் கோப்பையில் சீனி போட்டவள் அவள். வந்ததை விழுங்கிக்கொண்டு, மகளே சொல்லட்டும் என்று நின்றாள்.

"ரெண்டு மாமி," என்றாள் பஸ்மினா.